டானிக் கறுப்பும் தார்க் கறுப்பும்

என் மூத்த மகனுக்குச் சிறுகுடலின் தொடக்கத்தில் புண் இருக்கிறது என்று எண்டோஸ்கோபியில் தெரிந்தபோது அவனுக்கு வயது 11. அதற்கு முந்தைய ஏழு மாதமும் அந்த வலிக்கு எங்கள் வீட்டில் ஆளாளுக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். பூச்சி, சூடு, கண்ணேறு, கேஸ், பள்ளிக்கூடப் பயம். என் நாத்தனார் ஒருமுறை போனில் "அல்சரா இருக்கப்போவுது, பாருங்க மைனி" என்றாள். "சின்னப் பிள்ளைக்கு எங்கயாவது அல்சர் வருமா?" என்று கேட்டுச் சிரித்தவள் நான்தான். அதனால் இதை எழுதும்போது யாரையும் குறை சொல்லும் இடத்தில் நான் இல்லை.

ஜூனில் ஆறாம் வகுப்புக்குப் புதுப் பள்ளிக்கூடம் மாறினான். அந்த மாதக் கடைசியில்தான் ஆரம்பித்தது. நள்ளிரவு தாண்டி இரண்டு மணி வாக்கில் அடுக்களையில் ஃபிரிட்ஜ் கதவு திறக்கும் சத்தம் கேட்கும். போய்ப் பார்த்தால் ஃபிரிட்ஜ் வெளிச்சத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பாலைக் குடித்துக்கொண்டிருப்பான், இல்லையென்றால் ரஸ்க் தின்றுகொண்டிருப்பான். "ராத்திரி ஒழுங்காச் சாப்பிட்டாத்தானே" என்று திட்டுவேன். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிடுவான். காலையில் மறுபடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்பான். இரண்டு இட்லி உள்ளே போனதும் சரியாகிவிடும். பள்ளிக்கூடம் போகாமலிருக்கத்தான் அடம் என்று நாங்கள் முடிவு கட்டியதற்கு அந்த இரண்டு இட்லிதான் காரணம். இட்லி சாப்பிட்டதும் போகிற வலி எப்படி நிஜ வலியாக இருக்கும்?

அவன் ஆச்சி, அதாவது என் அத்தை, தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தார். உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். பள்ளியில் குடற்புழு மாத்திரை கொடுத்தார்கள், சாப்பிட்டான். பக்கத்துக் கிளினிக்கில் வாயுவுக்கு ஒரு சிரப்பும், வலி வந்தால் போட ஒரு மாத்திரையும் கொடுத்தார்கள். ஆகஸ்டில் ஸ்கேன் எடுத்தோம். வயிற்றுக்குள் சின்னச் சின்ன நெறி கட்டியிருக்கிறது, குழந்தைகளுக்கு இது சகஜம், மற்றதெல்லாம் நார்மல் என்று வந்தது. அந்தத் தாளைப் பார்த்து நான் நிம்மதியாகத் தூங்கினேன். சாதாரண வயிற்று ஸ்கேனில் இரைப்பையின் உள்தோலில் இருக்கிற புண் தெரியாது என்பது எனக்கு அப்போது தெரியாது.

நவம்பரில் கபடி விளையாடிக் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டு வந்தான். மருந்துக்கடையில் சொல்லி வலி மாத்திரை வாங்கினோம். ஐபுபுரூஃபன் கலந்த மாத்திரை, காலையும் இரவும், ஒரு வாரம். காலை மாத்திரையை வெறும் வயிற்றில்தான் போட்டான். பள்ளிக்கூட அவசரம்.

அரையாண்டுத் தேர்வு நேரத்தில் ஆள் வெளுத்துப்போனான். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. ரத்தம் பார்த்ததில் ஹீமோகுளோபின் 8.4. இந்த வயதில் 11.5-க்குக் குறையக் கூடாது. இரும்புச் சத்து டானிக் எழுதிக் கொடுத்தார்கள். குடித்த நாலாம் நாள் "அம்மா, கறுப்பா போகுது" என்றான். கேட்டதற்கு, டானிக் குடித்தால் அப்படித்தான் போகும் என்றார்கள். அது உண்மைதான், யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு பதில் எங்கள் கண்ணை மூன்று வாரம் கட்டிப்போட்டுவிட்டது. அதற்குப் பிறகு என்ன கறுப்பு, எப்படிக் கறுப்பு என்று நாங்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பொங்கலுக்கு மறுநாள் கழிப்பறையில் ஒரு நாற்றம். சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் இதைச் சொல்லாமல் இந்தக் கதையில் அர்த்தமில்லை. வழக்கமான நாற்றம் இல்லை, கவிச்சி கலந்த ஏதோ ஒன்று. இரண்டு வாளி தண்ணீர் ஊற்றியும் பீங்கானில் தார் பூசின மாதிரி ஒட்டிக்கொண்டு பளபளத்தது. கரும்பும் சர்க்கரைப் பொங்கலும் சேராமல் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். பள்ளி திறந்த அன்று காலைப் பிரார்த்தனையில் நின்றவன் மயங்கி விழுந்தான். ஹீமோகுளோபின் 7.3. நாங்கள் இருப்பது கோவில்பட்டி. அன்று மத்தியானமே கார் பிடித்து மதுரைக்குப் போனோம்.

குழந்தைகளுக்கான இரைப்பை, குடல் மருத்துவர் ஒருவரிடம் அனுப்பினார்கள். அவர் வயிற்றை அமுக்கிப் பார்க்கும் முன்பே கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார். தூக்கத்திலிருந்து வலி எழுப்புமா? சாப்பிட்டால் கூடுமா, குறையுமா? வலி எங்கே என்று ஒரே விரலால் காட்டச் சொன்னார். மகன் தொப்புளுக்கு மேலே, நெஞ்சுக்குழிக்குக் கீழே விரலை வைத்தான். சமீபத்தில் வலி மாத்திரை ஏதாவது போட்டானா? வீட்டில் யாருக்காவது அல்சர் உண்டா? நாங்கள் எதை எதையோ சொல்லிக்கொண்டிருக்கையில் அவன் மறுபடி கழிப்பறைக்குப் போக வேண்டும் என்றான். நர்ஸ் மாதிரி எடுத்து வந்தார். மருத்துவர் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "டானிக் கறுப்பு வேற, இந்தக் கறுப்பு வேறம்மா. டானிக்னா பச்சை கலந்த கறுப்பு, வழக்கமான பதத்துல இருக்கும். இது தார். உள்ள எங்கயோ மேல இருந்து ரத்தம் கசியுது. அது அமிலத்துலயும் குடல்லயும் ஊறிக் கீழ வரும்போது இப்படிக் கறுத்துப்போகும்."

தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலியை லேசாக விடக் கூடாதாம். பயத்தால், மனக்குழப்பத்தால் வரும் வயிற்றுவலியும் நிஜ வலிதான், ஆனால் அது பெரும்பாலும் பிள்ளையைத் தூங்கவிட்டுவிடும் என்றார். ஏழு மாதமாக எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவு அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

அன்று இரவே சேர்த்துவிட்டோம். கையில் ஊசி ஏற்றி, அமிலத்தைக் குறைக்கும் மருந்தை ரத்தக்குழாய் வழியாகவே கொடுத்தார்கள். நடுராத்திரியில் மறுபடி பார்த்தபோது ஹீமோகுளோபின் 6.8. ஒரு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். அந்த இரவைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை.

மறுநாள் எண்டோஸ்கோபி. ஆறு மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு முன்வரை குடிக்கலாம் என்றார்கள். பெரியவர்களுக்குச் செய்வது போல் தொண்டையில் மருந்து அடித்துவிட்டு முழித்திருக்கும்போதே செய்வார்கள் என்று நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன். குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுத்துத் தூங்கவைத்துத்தான் செய்கிறார்கள். மயக்க மருத்துவர் தனியாக வந்து ஆடுகிற பல் இருக்கிறதா, சளி இருக்கிறதா என்று பார்த்தார். மகனுக்கு ஒரே கவலைதான்: "டியூப் உள்ள போகும்போது நான் முழிச்சிட்டா என்ன செய்வீங்க?" அவர் சிரிக்காமல் பதில் சொன்னார். "நான் உன் பக்கத்துலயே நிப்பேன். எனக்கு அந்த ஒரு வேலைதான்." உள்ளே போய் வெளியே வர இருபது நிமிடம்கூட ஆகவில்லை. அரைத் தூக்கத்தில் வந்தவன் தொண்டை கரகரக்கிறது என்றான், அவ்வளவுதான்.

படங்களை எங்களிடம் காட்டினார்கள். இரைப்பையைத் தாண்டியதும் வருகிற சிறுகுடலின் முதல் வளைவில், வெள்ளை அடியோடு ஒரு பள்ளம். ஏறக்குறைய 8 மில்லிமீட்டர். அந்த நேரத்தில் ரத்தக் கசிவு நின்றிருந்தது, அதனால் உள்ளே வேறு எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. அதைவிட இரைப்பையின் கீழ்ப்பகுதிப் படத்தைத்தான் மருத்துவர் விரலால் தட்டித் தட்டிக் காட்டினார். வழவழப்பாக இருக்க வேண்டிய தோல் கூழாங்கல் பதித்த தரை மாதிரி முண்டு முண்டாக இருந்தது. குழந்தைகளிடம் இப்படி இருந்தால் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியைத்தான் முதலில் சந்தேகிப்பார்களாம். துளித் துளியாகச் சதை எடுத்திருந்தார்கள். அதில் ஒரு துளியை மஞ்சள் நிற ஜெல்லில் போட்டு வைத்தார்கள். கிருமி இருந்தால் ரோஸ் நிறமாக மாறும்.

மாறவில்லை. மஞ்சளாகவே இருந்தது. நான் பெருமூச்சு விட்டேன். மருத்துவர் விடவில்லை. ரத்தக் கசிவு இருக்கும்போதும், அமிலத்தைக் குறைக்கும் மருந்து ஏற்கெனவே உள்ளே போயிருக்கும்போதும் இந்தச் சோதனை ஏமாற்றலாம், மைக்ரோஸ்கோப் ரிப்போர்ட் வரட்டும் என்றார். ஐந்தாம் நாள் வந்தது. கிருமி இருந்தது. அந்த மஞ்சள் ஜெல்லை நம்பி, எல்லாம் அந்த ஒரு வார வலி மாத்திரையால் வந்தது என்று வீட்டுக்கு வந்திருந்தால் புண் ஆறியிருக்கும், ஒருவேளை மறுபடி வந்தும் இருக்கும். வலி மாத்திரைக்கும் இதில் பங்கு உண்டு என்றுதான் மருத்துவரும் சொன்னார். இரைப்பைத் தோலைக் காக்கும் வழுவழுப்புப் பூச்சையும் ரத்த ஓட்டத்தையும் அது குறைத்துவிடுகிறது. ஏற்கெனவே இருந்த புண்ணுக்கு அது எண்ணெய் ஊற்றியது.

எனக்குப் புரியாத ஒன்றைக் கேட்டேன். அமிலம் எல்லார் வயிற்றிலும்தானே இருக்கிறது? மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் மகனுக்காகப் படம் போட்டுக் காட்டினார். இரைப்பைச் சுவரில் அமிலம் சுரக்கும் செல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஏராளமான குட்டி மோட்டார்கள். அந்த மோட்டார்களுக்கு மூன்று பக்கமிருந்து உத்தரவு வரும். சோற்று வாசனை மூக்கில் ஏறும்போதே மூளையிலிருந்து நரம்பு வழியாக ஒன்று. சாப்பாடு இரைப்பைக்குள் விழுந்ததும் காஸ்ட்ரின் என்ற ஹார்மோன் வழியாக ஒன்று. பக்கத்து செல்கள் விடுகிற ஹிஸ்டமின் மூன்றாவது. போதும் என்று நிறுத்தச் சொல்லவும் ஒரு ஹார்மோன் உண்டு. இந்தக் கிருமி இரைப்பையின் கீழ்ப்பகுதியில் குடியேறினால் அந்த நிறுத்தச் சொல்லும் ஆளை அடக்கிவிடுகிறது. காஸ்ட்ரின் ஏறுகிறது, மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது, மிஞ்சிய அமிலம் சிறுகுடலின் வாசலில் போய் விழுகிறது. இரைப்பைக்கு இருக்கும் கனமான பூச்சு அங்கே கிடையாது.

"அப்போ அந்தக் கிருமி ஆசிட்ல செத்துப்போகாதா?" என்று கேட்டான். யூரியாவை உடைத்து அம்மோனியா செய்து தன்னைச் சுற்றி அமிலத்தைத் தணித்துக்கொள்ளுமாம். அந்த மஞ்சள் ஜெல் நிறம் மாறுவதும் அந்த அம்மோனியாவால்தான். 1984-இல் பாரி மார்ஷல் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் இந்தக் கிருமியைத் தானே குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொண்டு நிரூபித்தார், பின்னால் அவருக்கும் ராபின் வாரனுக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது என்றதும் மகனுக்கு ஆஸ்பத்திரி பிடித்துப்போய்விட்டது. "குடிச்சாரா? கிளாஸ்லயா?" என்று இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தான்.

ராத்திரி குடித்த பாலைப் பற்றியும் கேட்டேன். குடித்த உடனே அமிலம் தணிவதால் இதமாக இருக்கும், ஆனால் பாலில் இருக்கும் புரதமும் கால்சியமும் அப்புறம் அமிலத்தைக் கூடுதலாகச் சுரக்கவைக்கும் என்றார். ஆறு மணிக்கு மறுபடி வலித்ததன் கணக்கு அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் மாமா, என் மாமனார், எதுவும் பேசாமல் சட்டையைத் தூக்கிப் பேரனிடம் வயிற்றைக் காட்டினார். நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புள் வரை நேர்கோடாக ஒரு தழும்பு. 1985-இல் அல்சருக்குச் செய்த ஆபரேஷன். அமிலத்துக்கு உத்தரவு கொண்டுபோகும் நரம்பையே வெட்டிவிட்டு, இரைப்பையைச் சிறுகுடலோடு வேறு இடத்தில் இணைத்துத் தைப்பார்கள். அந்தக் காலத்தில் நம் பக்கத்தில் இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் நிறையப் பேர். "எனக்கு நரம்பை வெட்டினாக, ஒனக்கு மாத்திரையோட போச்சு" என்றார். மார்ஷல் கிருமியைக் குடித்து ஒரு வருஷம் ஆகியிருக்கிறது, செய்தி மதுரைக்கு வந்து சேரவில்லை. வீட்டில் யாருக்காவது அல்சர் உண்டா என்று மருத்துவர் கேட்டபோது இந்தத் தழும்பு எங்கள் இருவருக்குமே நினைவுக்கு வரவில்லை என்பதுதான் வேடிக்கை. தினமும் துண்டோடு திண்ணையில் உட்காருகிற மனிதர்.

இந்தக் கிருமி பெரும்பாலும் சின்ன வயதில் வீட்டுக்குள்ளேயே தொற்றுவது. அப்படியென்றால் எல்லாரும் சோதித்துக்கொள்ள வேண்டுமா என்றேன். வேண்டாம் என்றார். நம் நாட்டில் பெரியவர்களில் பாதிக்கு மேல் இதைச் சுமந்துகொண்டுதான் இருக்கிறார்கள், அதில் பெரும்பாலோருக்கு ஒன்றும் செய்வதில்லை. தொந்தரவு இருப்பவர்கள் மட்டும் பார்த்தால் போதும். என் கணவரைப் பார்த்தேன். மூன்று வருஷமாகத் தினமும் காலையில் யாரும் எழுதிக் கொடுக்காமலே கேஸ் மாத்திரை போடுகிறவர். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பதினான்கு நாள் சிகிச்சை. அமாக்ஸிசிலின், மெட்ரோனிடசோல், அமிலத்துக்கு ஈசோமெப்ரசோல். மூன்றும் இரண்டு வேளை, மொத்தம் 28 வேளை. "ஒரு வேளைகூட விடாதீங்க. பாதியில விட்டா மிச்சம் இருக்கிற கிருமி மருந்துக்குப் பழகிடும், அடுத்த தடவை இன்னும் கஷ்டம்." ஃபிரிட்ஜ் கதவிலேயே 28 கட்டம் போட்டு ஒட்டினேன்.

அமில மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு கொடுக்க வேண்டும். சாப்பாடு வரும்போதுதான் மோட்டார்கள் வேலைக்கு வரும், அந்த நேரத்தில் மருந்து ரத்தத்தில் தயாராக இருந்தால்தான் பிடித்து நிறுத்த முடியும். சாப்பிட்ட பிறகு போட்டால் பாதிப் பலன்தான். காப்ஸ்யூலை விழுங்க அவனுக்கு வரவில்லை. பிரித்து, உள்ளே இருக்கும் மணிகளை மசித்த ஆப்பிளில் ஒரு கரண்டி கலந்து மெல்லாமல் விழுங்கச் சொன்னார்கள். மணிகளை நுணுக்கக் கூடாது, பாலில் கலக்கக் கூடாது. அதன் மேல்பூச்சு இரைப்பை அமிலத்தைத் தாண்டும்வரை தாங்க வேண்டும், பாலில் அது முன்கூட்டியே கரைந்துவிடலாம். மற்ற மாத்திரைகளை விழுங்கப் பழக சீரக மிட்டாய் வாங்கி வந்து ஒவ்வொன்றாக விழுங்கவைத்தேன். அரை டப்பா காலியானது, பாதியை மென்றுவிட்டான்.

மெட்ரோனிடசோல்தான் படுத்தியது. வாயில் எப்போதும் அஞ்சு ரூபாய்க் காசை வைத்திருக்கிற மாதிரி இருக்கிறது என்றான். நாலாம் நாள் வயிற்றுப்போக்கு. ஒன்பதாம் நாள் மாத்திரை போட்ட பத்தாவது நிமிடத்தில் வாந்தி. மருத்துவமனைக்கு போன் செய்து கேட்டு அந்த வேளையை மறுபடி கொடுத்தோம். 28 கட்டமும் நிறைந்தது.

சாப்பாட்டு விஷயத்தில்தான் வீட்டில் சண்டை. அத்தை மிளகாய் டப்பாவை மேல் தட்டில் ஏற்றிவிட்டு, தினமும் மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பால் விட்டு வைத்தார். காரத்தால் இந்தப் புண் வருவதில்லை, சாப்பிட்டால் எரிந்தால் மட்டும் குறைத்துக்கொள்ளட்டும், மற்றபடி வீட்டுச் சாப்பாடுதான் என்று மருத்துவர் தெளிவாகச் சொல்லியிருந்தார். கீரையைப் பற்றிக் கேட்டதற்கு, நல்லது, கொடுங்கள், மாத்திரைக்குப் பதிலாக மட்டும் வேண்டாம் என்றார். அத்தைக்கு அதில் முதல் பாதி மட்டும் காதில் விழுந்தது. கண்டிப்பாகத் தடை என்று சொன்னது ஒன்றே ஒன்றுதான், ஐபுபுரூஃபன் வகை வலி மாத்திரைகள். காய்ச்சலுக்கும் பாராசிட்டமால் மட்டும். பள்ளியில் அடிபட்டால் யாரோ எதையோ கொடுத்துவிடக் கூடாதே என்று அவன் டைரியின் முதல் பக்கத்தில் அதைச் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன்.

மூன்றாவது வாரத்தில் இரவு இரண்டு மணிக்கு நான் தானாக விழித்தேன். ஃபிரிட்ஜ் சத்தம் இல்லை. போய்ப் பார்த்தால் போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான்.

அமில மாத்திரை இன்னும் ஒரு மாதம் தொடர்ந்தது. பிறகு அதையும் நிறுத்தி இரண்டு வாரம் காத்திருந்தோம், அப்போதுதான் கிருமி போய்விட்டதா என்ற சோதனை சரியாக வரும். ஆன்டிபயாடிக் முடிந்து குறைந்தது நாலு வாரமாவது ஆகியிருக்கவும் வேண்டும். மறுபடி குழாய் விடுவார்களோ என்று பயந்தவனுக்கு ஊதும் சோதனை. பஸ் ஏறி மாட்டுத்தாவணியில் இறங்கிப் போனோம். ஒரு பையில் ஊதச் சொன்னார்கள், புளிப்பாக ஒரு பானம் குடித்தான், அரை மணி நேரம் கழித்து இன்னொரு பையில் ஊதினான். அந்தப் பானத்தில் இருப்பது 13 என்ற வகைக் கார்பன் சேர்ந்த யூரியா. கதிர்வீச்சு இல்லாதது. கிருமி மிச்சம் இருந்தால் அந்த யூரியாவை உடைக்கும், அந்தக் கார்பன் மூச்சில் வந்துவிடும். ரத்தத்தில் பார்த்தால் போதாதா என்று அங்கே ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். கிருமி போன பிறகும் ரத்தத்தில் அதன் சுவடு வெகுநாள் இருக்கும், அதனால் போய்விட்டதா என்பதற்கு அது உதவாது. எங்களுக்கு நெகட்டிவ் என்று வந்தது. வருகிற வழியில் பஸ் ஸ்டாண்டில் மிளகாய் பஜ்ஜி கேட்டான். வாங்கிக் கொடுத்தேன், அத்தையிடம் சொல்லவில்லை.

இரும்புச் சத்து டானிக்கை மருத்துவர் ஆரம்பத்திலேயே நிறுத்தியிருந்தார். கசிவு நின்றதா இல்லையா என்று பார்க்க வேண்டிய நேரத்தில் அதைக் கொடுத்தால் எந்தக் கறுப்பு என்று நமக்கே தெரியாது என்றார். மலம் பழைய நிறத்துக்கு வந்து, ஆன்டிபயாடிக் எல்லாம் முடிந்த பிறகுதான் மறுபடி ஆரம்பித்தோம். மூன்று மாதம் குடிக்க வேண்டும். இப்போது ஹீமோகுளோபின் 11.2.

ஆனால் நான் மாறிவிட்டேன். டானிக் ஆரம்பித்த நாலாம் நாள் கையில் டார்ச்சோடு கழிப்பறை வாசலில் நின்றேன். தண்ணீர் ஊற்றாதே, நான் பார்க்க வேண்டும் என்று முதல் வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவனுக்கு வெட்கம், கோபம். இப்போது நான் கேட்பதற்கு முன்பே, கதவைத் திறக்காமல், தெருவுக்கே கேட்கிற மாதிரி உள்ளேயிருந்து கத்துகிறான்:

"டானிக் கறுப்புதான்மா! போ!"